பஞ்சுக் கன்னம்

சேலத்தில் தீர்த்தகிரியிடம் போட்டோ எடுத்துக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் போட்டோவைப் பார்த்ததில்லை. பார்க்க அவர்கள் இருந்ததில்லை.

குறை தீர்த்தகிரியுடையதல்ல. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம். ஆகவே ஆயுசு முழுவதையும் செலவழித்து முடித்த பிறகுதான் அவருக்கு ஆள் வரும். முக்காலி, கறுப்புத் துணி, கேமராப் பெட்டி, நாற்காலி எல்லாவற்றையும் ஒற்றைமாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு போவார். இவற்றில் நாற்காலிதான் முக்கியம். தேக்கில் செய்தது. முதுகுப் பலகையில் இரண்டு ஓட்டை. ஓட்டை வழியாக வேட்டிக் கிழிசலைக் கொடுத்து அக்குளுக்கடியில் இழுத்துக் கட்டினால், உயிரோடிருந்தபோது கூன் விழுந்து கிடந்தவர்கூடக் கலெக்டர் மாதிரி நிமிர்ந்து உட்காருவார். ஒடுங்கிய கன்னத்துக்குள் ஆளுக்குத் தக்கபடி பஞ்சு உருண்டை. முகத்துக்கு அரிசிமாவும் துளி குங்குமமும்.

ராசிபுரத்தில் ஒரு நெய் வியாபாரி எழுபது வருஷம் சிரிக்காமல் வாழ்ந்தவர். தீர்த்தகிரி பஞ்சு வைத்த பிறகு சிரித்தார். மகன்கள் பயந்துபோய் உயிலை எடுத்து மறுபடியும் படித்துப் பார்த்தார்கள். ஆட்டையாம்பட்டியில் ஒரு அம்மாள், மருமகள் பக்கத்தில் வந்து நின்றதும் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கழுத்துக்குப் பின்னால் வைத்த மூங்கில் குச்சி நழுவிவிட்டது என்று தீர்த்தகிரி எவ்வளவோ சொன்னார். மருமகள் கேட்கவில்லை. அன்றைக்கே தாய்வீடு போய்விட்டாள்.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸ் காலியானது. அப்போது அரிசிப்பாளையத்தில், ஓடாமல் கிடந்த அரிசி மில் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்து ஒரு கம்பெனி டாக்கி படம் எடுத்துக்கொண்டிருந்தது. கம்பெனியின் போட்டோக்காரர் மெட்ராஸ்வாசி. பெண்டாட்டி பிள்ளைகளைத் தேடிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. அதனால் மேனேஜர் பாலசுந்தரம் ஒருநாள் காலையில் தீர்த்தகிரியின் கடைப்படி ஏறினார்.

"உயிரோட இருக்கறவங்களை எடுத்துப் பழக்கம் உண்டுங்களா?"

தீர்த்தகிரி யோசித்தார். "ரெண்டு கல்யாணம் எடுத்திருக்கேன். ஒன்னுல மாப்பிள்ளை கொஞ்சம் அசைஞ்சுட்டார்."

"இவங்க ரொம்பவே அசைவாங்க. காமிக் ஆளுங்க."

விஷயம் இதுதான். எருமப்பட்டி அம்மாசியும் அவர் மச்சினன் மாதையனும் கூத்துக் கோமாளிகள். ஒருவர் குண்டன், ஒருவன் குச்சி. பதினெட்டு வருஷமாகத் திருவிழாத் திருவிழாவாக ஜனங்களை வயிறு வலிக்க வைத்தவர்கள். படத்தில் சிரிப்புக் காட்சிகளுக்கு அவர்களைப் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் கோயம்புத்தூரிலிருக்கும் முதலாளியின் காதில் யாரோ, குண்டன் இளைத்துவிட்டான், நோயாளி என்று போட்டுவிட்டார்கள்.

"சந்தைக் கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு பேரையும் வேஷத்தோட நிறுத்தி ஆறு படம் எடுத்து அனுப்பச் சொல்றார்," என்றார் மேனேஜர். "ஆள் எப்படி இருக்கான், ஜனங்க சிரிக்கறாங்களா, எல்லாம் அதுல தெரியணுமாம். பார்த்துட்டுத்தான் சேர்க்கறதா கழிக்கறதான்னு சொல்வார். திருச்சியில வேற ஒரு குண்டன் பெட்டியைக் கட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கான்."

அம்மாசியைத் தீர்த்தகிரி கூத்தில் பார்த்திருக்கிறார். அந்த நாளில் அம்மாசி கிணற்றில் குதித்தால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு படி தண்ணீர் ஏறும். அவர் உட்கார்ந்த வண்டியை மேட்டில் இழுக்கச் சொல்லி வண்டிக்காரன் மாட்டின் காலில் விழுந்ததை நேரில் பார்த்தவர்கள் எருமப்பட்டியில் உண்டு. மறுநாள் கடைக்கு வந்தது அந்த அம்மாசியின் தோல் மட்டும்தான். உள்ளே இருந்தவர் எங்கோ போயிருந்தார். மாதையன் அந்தத் தோலைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிவந்தான். குச்சி என்று பேரெடுத்தவன், பக்கத்தில் நிற்கையில் பயில்வானாகத் தெரிந்தான்.

"கும்பிடறனுங்ணா," என்றார் அம்மாசி. அதற்கே மூச்சு வாங்கியது.

"என்னப்பா இது. எத்தனை நாளா?"

"மாசியில இருந்துங்க. சாயங்காலமானா காய்ச்சல் சொல்லாமக் கொள்ளாம வந்து குந்திக்குது. மாமியா ஊட்டுக்கு வந்த மருமவனாட்டம், போற யோசனையே இல்லீங்க."

மாதையன் சிரிக்கவில்லை. "மாமா, வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

அம்மாசியின் கண் சுவரோரம் இருந்த நாற்காலி மேல் போனது. "இதானுங்களா அது?"

"ஆமா."

தீர்த்தகிரி தடுப்பதற்குள் போய் உட்கார்ந்துவிட்டார். கையை நீட்டி, காலை நீட்டிப் பார்த்தார். "சொகமாத்தான் இருக்குது. இதுல உக்காந்தவங்க ஒருத்தரும் எந்திரிச்சதில்லைன்னு சொல்லுவாங்க. ஏன்னு இப்பத்தான் தெரியுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க பொணத்துக்குச் செய்யறதையெல்லாம் எனக்கும் செய்யோணுங்ணா."

"உசுரோட இருக்கறவனுக்கு அதெல்லாம் செய்யறதில்லப்பா."

"கொஞ்சந்தானுங்க இருக்குது. கண்டுக்காதீங்க."

தீர்த்தகிரிக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போ, கஞ்சியைக் குடித்துவிட்டுப் படு, படமும் கூத்தும் பிறகு பார்க்கலாம் என்று கத்தினார். அம்மாசி முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனமுங்க. டாக்டரு என்னை விட்டுட்டு மாதையனைத் தனியாக் கூப்புட்டுப் பேசுனாரு. அப்பவே தெரிஞ்சு போச்சு. எம்பட புள்ள சின்னாயிக்கு ரெண்டு வயசுங்ணா. நான் போறப்ப மூணு ஆகுதோ ஆகலையோ. மூணு வயசுல பாத்த மொகம் யாருக்குங்க ஞாபகம் இருக்குது? டாக்கியில ஒருக்கா ஏறிட்டா மொகமும் இருக்கும், கொரலும் இருக்கும். அது பெரிசாகி எந்த ஊர்ல பாத்தாலும் அப்பன் அங்க குதிச்சுட்டிருப்பேன். எனக்கு அது ஒன்னுதானுங்க வேணும்."

"அதுக்கு நான் போட்டோ ஒன்னு எடுத்துத் தரேன். இப்பவே, இங்கயே."

"போட்டோவுல சும்மா குந்தியிருப்பனுங்க. நான் சும்மா இருந்து எம்புள்ள பாத்ததே இல்லை. யாரோ ஒருத்தர்னு நெனச்சுக்கும்."

தீர்த்தகிரிக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட முகங்களை அவர் அவரவர் பிள்ளைகளுக்கென்று நிமிர்த்தி வைத்துக் கொடுத்திருக்கிறார். முகத்துக்கு உரியவரே வந்து கேட்டது இதுதான் முதல் தடவை.  அலமாரியைத் திறந்து பஞ்சை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில், தானியக் கடைகளுக்கு நடுவில் இடம் பிடித்தார்கள். மேனேஜர் போட்ட திட்டம் எளிமையானது. மாதையன் சவரக்காரன். கையில் மூன்றடி நீளத்துக்கு மரத்தில் செய்த சவரக்கத்தி. அம்மாசி சவரத்துக்கு உட்கார்ந்தபடியே தூங்கிப்போன பண்ணையார். அம்மாசியால் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிமிர்ந்திருக்க முடியாது என்பதால் நாற்காலி வந்தது. அக்குளுக்கடியில் கிழிசல் போட்டு இறுக்கினார் தீர்த்தகிரி. சட்டைக்குள் இரண்டு தலையணை. கன்னத்துக்கு இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பஞ்சு. முகத்துக்கு அரிசிமாவும் குங்குமமும். கழுத்திலிருந்து கால்வரை வெள்ளைத் துணி. எல்லாம் முடிந்ததும் நாலடி பின்னால் வந்து பார்த்தார். பழைய அம்மாசி உட்கார்ந்திருந்தார். கைவேலையில் இவ்வளவு திருப்தி அவருக்கு என்றைக்கும் ஏற்பட்டதில்லை.

இனி நடந்ததற்கு மேனேஜரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் கோயம்புத்தூர்க்காரர். சேலத்தில் அந்த நாற்காலியைத் தெரியாத வீடு கிடையாது என்பதை யோசித்திருக்க வேண்டிய ஒரே ஆள் தீர்த்தகிரி. அவர் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் விலகியது. கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். லென்ஸ் மூடியில் கை வைத்துக்கொண்டு, இருபத்தாறு வருஷமாக அந்தக் கணத்தில் சொல்லிவந்ததை அவர் வாய் தானாகவே சொன்னது.

"சொந்தக்காரங்கல்லாம் கிட்ட வாங்க. அழுகையைக் கொஞ்சம் நிறுத்திக்குங்க. மூணு எண்ணற வரைக்கும் யாரும் அசையக் கூடாது."

பேரம் பேசிக்கொண்டிருந்த சந்தை அப்படியே அடங்கியது. முதலில் ஒரு மூட்டைக்காரன் தலைப்பாகையை அவிழ்த்தான்.

"யாருப்பா போனது?"

"எருமப்பட்டிக் கோமாளிடா. அந்தக் குண்டு."

"அடப் பாவமே. போன வருஷம் எங்கூர் மாரியாத்தா நோம்பியில ஆடுனானே."

"கடைசியாச் சவரம் பண்ணி வெக்கறாங்க பாரு. பக்கத்துல நிக்கறது மச்சினனாம். முழிக்கறதப் பாரு, அழக்கூடத் தெம்பில்லை."

மாதையன் முழித்தது உண்மை. மரக்கத்தியை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குள் நாலைந்து பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு, அரிசி விற்கும் அங்காளம்மாள் வந்தாள். அறுபது வயது, ஆள் கட்டை. கை நிறைய அரிசி அள்ளி வந்திருந்தாள்.

"எத்தனை நாளு எங்களைச் சிரிக்க வெச்சிருப்ப சாமி," என்றாள். "எம்மவன் செத்த வருஷம் உன் கூத்தைப் பாத்துத்தானே நான் வாயைத் தொறந்து சிரிச்சேன். இந்தா, என் கையால வாங்கிக்க."

சொல்லிவிட்டு, பிணத்துக்குச் சொந்தக்காரர்கள் கடைசியாகப் போடும் வாய்க்கரிசியை அம்மாசியின் வாயில் போட்டாள்.

தீர்த்தகிரி அப்போது மூடியைக் கழற்றியிருந்தார். ஒன்று எண்ணினார். அம்மாசி அசையவில்லை. இரண்டு. பஞ்சுக்கு மேலே அரிசி ஏறி மூக்குவரை அடைத்திருக்க வேண்டும். இமைகூட ஆடவில்லை. மூன்று. மூடியைப் போட்டார்.

அம்மாசி மெதுவாக மென்றார். ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஆத்தா," என்றார். "அரிசி வேகலீங்களே."

பஞ்சும் அரிசியுமாக அடைத்திருந்த வாயிலிருந்து அந்தக் குரல், கவிழ்த்த பானைக்குள்ளிருந்து தவளை பேசியது போல வந்தது. ஒப்பாரி வைத்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். தலைப்பாகையை அவிழ்த்த மூட்டைக்காரன் அன்று சீலநாயக்கன்பட்டி போய்த்தான் நின்றான். அங்காளம்மாள் பத்தடி ஓடினாள். நின்றாள். கடைக்குப் போய் முறத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"செத்தவன் பேசலாமாடா, எடுபட்ட பயலே," என்று முறத்தாலேயே தலையில் ஒன்று வைத்தாள்.

"கொழம்பு இல்லாம என்னத்தைத் திங்கறதுங்க ஆத்தா," என்றது தவளைக் குரல்.

அங்காளம்மாள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சந்தை சிரித்தது. புளி மண்டிக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் அந்தச் சத்தத்தில் பறந்து போனவை ஆவணி வரை திரும்பவில்லை. கட்டியிருந்த எருமைகள் மூன்று நாள் பால் கொடுக்கவில்லை. நாலாம் நாள் கொடுத்தது மோராக இருந்தது. அம்மாசி கட்டியிருந்த நாற்காலியோடு எழுந்து, அதை நத்தை ஓடு போல முதுகில் சுமந்துகொண்டு, குழம்பு ஊற்றுகிறவர்கள் யார் என்று கடை கடையாக விசாரித்தார். மாதையன் மரக்கத்தியைத் தூக்கிக்கொண்டு, பாதிச் சவரத்தோடு போகக் கூடாது என்று பின்னாலேயே ஓடினான். தீர்த்தகிரி மீதியிருந்த ஐந்து பிளேட்டையும் எடுத்துத் தீர்த்தார்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்தக் குரல், அம்மாசி. அந்தக் குரலை விட்டுடாதே. படம் பூரா அப்படியே பேசிடு."

மண்டிக்குப் பின்பக்கம் சாக்கு அடுக்கிய இருட்டறையில் முடிச்சுகளை அவிழ்த்தார்கள். அவிழ்த்ததும் அம்மாசி மடிந்து தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த இருமல் வெளியே வந்தது. அது முடிய வெகுநேரம் ஆயிற்று. கன்னத்திலிருந்து எடுத்த பஞ்சு, உள்ளே போனபோது இருந்த நிறத்தில் இல்லை. தீர்த்தகிரி அதைக் கையில் வாங்கிக் காகிதத்தில் சுருட்டினார்.

"வெத்தலை போட்டேன்னு சொல்லிக்கலாமுங்க," என்றார் அம்மாசி.

மாதையன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "உசுரோட வாய்க்கரிசி வாங்கிட்டீங்க மாமா."

"நல்ல அரிசிடா. பழசு. உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிப்புடாதே."

படங்கள் கோயம்புத்தூர் போயின. நாலாம் நாள் தந்தி வந்தது. குண்டனையே வைத்துக்கொள்ளலாம், நாற்காலிக் காட்சியை அப்படியே படத்தில் சேர்க்க வேண்டும், அம்மாசி பஞ்சுக் குரலில் மட்டும் பேச வேண்டும் என்று முதலாளி உத்தரவு.

அதன் பிறகு பத்தொன்பது நாள் தீர்த்தகிரி காலை ஏழு மணிக்கு அரிசி மில்லுக்குப் போனார். பஞ்சை வைத்து, மாவைப் பூசி, தலையணையைக் கட்டி அம்மாசியை விளக்குகளுக்கு முன்னால் அனுப்புவார். பஞ்சும் சோறும் ஒரே வாய்க்குள் இருக்க முடியாது, ஆகவே அம்மாசி சாயங்காலம்வரை சாப்பிடுவதில்லை. உள்ளே இருக்கிற ஆள் இளைக்க இளைக்கத் தீர்த்தகிரி பஞ்சைக் கூட்டிக்கொண்டே போனார். முதல்நாள் எலுமிச்சம்பழம். கடைசி நாள் சாத்துக்குடி. விளக்குக்கு முன்னால் போய் நின்றதும் அம்மாசி குதித்தார், உருண்டார், மாதையன் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தார். இருமல் வரும்போது கையைத் தூக்குவார், கேமராவை நிறுத்துவார்கள். ஒரே ஒரு தடவை கையைத் தூக்குவதற்கு முன்னால் வந்துவிட்டது. டைரக்டர் அந்த நீளத்துப் பிலிமை வெட்டி எறியச் சொன்னார்.

ஒருநாள் பஞ்சை உருட்டிக்கொண்டிருந்த தீர்த்தகிரி நடுவில் நிறுத்தினார்.

"அம்மாசி, ஒரு சின்ன சீனாவது பஞ்சு இல்லாம எடுக்கச் சொல்லேன். உன் முகத்தோட. உன் குரல்ல."

அம்மாசிக்கும் அது சரியென்றுதான் பட்டது. மேனேஜரிடம் போய்க் கேட்டார். மேனேஜர் கெட்டவர் அல்ல. பொறுமையாகவே சொன்னார். "பஞ்சு இல்லாத உன்னைப் பார்த்தா ஜனங்க சிரிக்க மாட்டாங்கப்பா. பயந்துடுவாங்க."

திரும்பி வந்து வாயைத் திறந்து காட்டினார் அம்மாசி. "வெய்யுங்ணா. புள்ளைக்குக் குண்டா இருந்தா என்ன, ஒல்லியா இருந்தா என்ன. அப்பன் அப்பந்தானுங்களே."

தீர்த்தகிரி வைத்தார்.

ஐப்பசி மழையில் அம்மாசி எருமப்பட்டியில் போய்ச் சேர்ந்தார். தீர்த்தகிரிக்குச் சேதி மூன்று நாள் கழித்து வந்தது. வண்டியைக் கட்ட அவசியம் இருக்கவில்லை. தொத்து நோய் என்று பயந்து, அன்றைக்கே, ஈர விறகில் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட்டிருந்தார்கள். பாய், போர்வை, கோமாளிக் குல்லாய், இடுப்பில் கட்டும் சலங்கை எல்லாவற்றையும் கூடவே போட்டார்களாம். சலங்கை மட்டும் வேகவில்லையாம்.

தை மாதம் படம் சேலத்துக்கு வந்தது. கொட்டகை வாசலில் மூன்றாள் உயரத்துக்கு அம்மாசியை எழுதி வைத்திருந்தார்கள், கன்னம் இரண்டும் பூசணிக்காய் போல. நாலாவது நாள் பகல் ஆட்டத்துக்கு மாதையன் தன் அக்கா செல்லாயியையும் குழந்தையையும் எருமப்பட்டியிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்தான். செல்லாயி அதற்கு முன்னால் சேலம் பார்த்ததில்லை. கொட்டகை வாசலில் நின்று அந்த எழுதிய முகத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள்.  வெள்ளைப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண் சுவர். சுவரை ஒட்டி மணல் தரையில் தீர்த்தகிரியும் மாதையனும் உட்கார்ந்தார்கள். சின்னாயி மாமன் மடியில் இருந்தாள். கை நிறையப் பொரிகடலை.

ராஜா வந்தார், பாடினார். ராணி அழுதாள், பாடினாள். சின்னாயி பொரிகடலை தின்றாள். பிறகு சந்தைத் தெரு வந்தது, அரிசி மில்லுக்குள் அட்டையில் செய்த தெரு. மாதையன் மரக்கத்தியோடு திரையில் நடந்து வந்தான்.

சின்னாயி நிமிர்ந்தாள். திரையைப் பார்த்தாள். திரும்பி, தான் உட்கார்ந்திருந்த மடிக்குரிய முகத்தைப் பார்த்தாள்.

"மாமன்," என்றாள். "மாமா, நீ அங்க இருக்கற."

"ஆமா கண்ணு. இப்ப பாரு. நல்லாப் பாரு."

வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி வந்தது. கொட்டகை அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. முதல்நாள் பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீர்த்தகிரி குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். திரை வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரிந்தது. நாற்காலியில் இருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து, அரிசி வேகவில்லை என்றார். நானூறு பேர் சிரித்தார்கள். சின்னாயியும் சிரித்தாள்.

மாதையன் அவள் காதருகில் குனிந்தான். "யாருன்னு தெரியுதா சாமி? உங்கப்பன். அப்பன் பாரு, குதிக்குது பாரு."

சின்னாயி திரையை மறுபடியும் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்காமல், கவனமாக. நாற்காலியைச் சுமந்துகொண்டு ஓடியவரைக் கோடியிலிருந்து கோடிவரை கண்ணால் தொடர்ந்தாள்.

"அது அப்பனில்ல."

"அப்பந்தான் கண்ணு. கொரலைக் கேளு."

"அப்பன் இப்புடிப் பேசாது." குழந்தை கொஞ்சம் யோசித்தது. "அப்பன் இருமும். இது இருமவே இல்ல."

தீர்த்தகிரி திரையைப் பார்த்தார். மாதையன் முதுகில் அம்மாசி ஏறிக்கொண்டு இறங்க மறுக்கிற இடம் வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு இருமல் வந்த இடம் அதுதான். அவருக்கு நன்றாக நினைவிருந்தது; விளக்குக்குப் பின்னால் பஞ்சுப் பொட்டலத்தோடு அவர் நின்றிருந்தார். ஒருவேளை வெட்டுகிறவன் மறந்திருக்கலாம், கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம். அம்மாசி ஏறினார். தோளைக் குலுக்கினார். வாயைத் திறந்தார். படம் ஒரு துள்ளு துள்ளி, அவர் தரையில் நின்றுகொண்டிருந்தார், குழம்பு கேட்டபடி. வெட்டுகிறவன் நல்ல வேலைக்காரன்.

சிரிப்புக் காட்சி முடிந்து ராஜா மறுபடியும் வந்தார். மண் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்லாயியின் குரல் தாழ்வாகக் கேட்டது.

"அண்ணா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா," என்றார் தீர்த்தகிரி.

"புள்ளை அப்பனக் கண்டுக்கிச்சுங்களா?"

மாதையன் தீர்த்தகிரியின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாத்ததுமே கண்டுக்கிச்சும்மா," என்றார் தீர்த்தகிரி.

"சிரிச்சுதுங்களா?"

"சிரிச்சுது."

 சின்னாயி மாமன் மடியிலிருந்து இறங்கி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, மணலில் சின்னதாக ஒரு குழி பறித்திருந்தாள். மீதியிருந்த பொரிகடலையை ஒவ்வொன்றாக அதில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.